கிரகப்பிரவேச மாத்திரை

விடிந்ததும் மைதிலி பேசக் கூடாது. தண்ணீர் குடிக்கக் கூடாது. கொட்டாவி விடுவதுகூட சந்தேகத்துக்குரிய காரியம். கணவன் கௌதம் தெர்மாமீட்டரை அவள் நாக்குக்கடியில் செருகி, அது கீச்சென்று கத்தும்வரை பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பான். பிறகு எண்ணைப் பார்த்துக் கைப்பேசியில் ஏற்றுவான். அதிலிருந்த ஆப் சிவப்பு காட்டினால் அவன் ஹாலில் படுக்க வேண்டும். பச்சை காட்டினால் வேண்டாம். ஆவடி குவார்ட்டர்ஸில் முதல் மாடியில் ஒரு பெண்ணின் உடம்பு ரயில்வே சிக்னலைப் போல இயங்கிக்கொண்டிருந்தது.

மைதிலிக்கு இதில் பெரிய குறையொன்றும் இருக்கவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். மகள் பவ்யா பிறந்தபோது எட்டாம் மாதத்தில் பி.பி. ஏறி, வலிப்பு வந்து, குழந்தையை அறுத்து எடுத்தார்கள். குழந்தை அழுதது தாய்க்குத் தெரியாது. நினைவு திரும்பியதும் டாக்டரம்மா கட்டிலோரம் நின்று, "இன்னொண்ணு வேண்டாம்மா. அடுத்த தடவை உங்களைக் காப்பாத்துவேன்னு என்னால சொல்ல முடியாது" என்றார். வாழ்க்கையில் மைதிலிக்கு அதைவிடத் தெளிவாக யாரும் எதையும் சொன்னதில்லை.

அதற்குப் பிறகு தெருமுனை கிளினிக்கில் தினசரி போடும் கருத்தடை மாத்திரை கொடுத்தார்கள். பழைய கதையைக் கேட்கவுமில்லை, பி.பி. பார்க்கவுமில்லை. ரெண்டே மாதத்தில் தலை பிளந்தது. பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனபோது டாக்டரம்மா மாத்திரை அட்டையைப் பார்த்து முகம் சுளித்தார். "இந்த ஹார்மோன் உங்களுக்கு ஆகாது. காப்பர்-டி போட்டுக்கலாம். இல்லன்னா சாருக்கு ஒரு சின்ன ஆபரேஷன். காலையில வந்தா சாயங்காலம் வீட்டுக்குப் போயிடலாம்."

அன்று சாயங்காலமே கௌதம் இயற்கையின் பக்தனாகிவிட்டான்.

மாத்திரை அட்டையை, விஷம் என்று சொல்லிக் குப்பைக்கூடையில் போட்டான். காப்பர்-டி வயிற்றுக்குள் நகர்ந்து போய்விட்டதாக யாரோ பேசும் வீடியோவை மைதிலிக்குக் காட்டினான், அவளும் பயந்தாள். தனக்கான ஆபரேஷன் பற்றி எந்த வீடியோவும் காட்டவில்லை. இயற்கைக் குடும்பக் கட்டுப்பாடு குறித்து ஆன்லைனில் ஒரு சனி, ஞாயிறு வகுப்பில் சேர்ந்தான். சனிக்கிழமை முழுக்கக் கேட்டான். ஞாயிற்றுக்கிழமை மேட்ச் இருந்தது.

ஆனாலும் அந்த முறை ஒரு வருஷத்துக்குமேல் வேலை செய்தது. தலைவலி போயிற்று. தன் உடம்பு எந்த வாரம் என்ன செய்கிறது என்று மைதிலிக்கே புரிய ஆரம்பித்தது. தொழிற்சாலை ஸ்டோர்ஸில் வேலை செய்பவள். அப்பா வேலையில் இருக்கும்போதே இறந்ததால் கிடைத்த வேலை. குவார்ட்டர்ஸும் அவள் பேரில்தான். அங்கே அவள் கையெழுத்தில்லாமல் ஒரு நட்டுகூட வெளியே போகாது. அது போலத்தான் இதுவும், ஒழுங்காக வைத்துக்கொண்டால் ஒழுங்காக இருக்கும் என்று நம்பினாள்.

அப்போதுதான், கடன் போட்டு வாங்கியிருந்த காட்டுப்பாக்கம் ஃபிளாட்டின் சாவி வந்தது.

கோவில்பதாகையிலிருந்து மாமியார் பார்வதம், ஐயரிடம் கிரகப்பிரவேசத்துக்கு நாள் குறித்துக்கொண்டு நேராகக் குவார்ட்டர்ஸுக்கு வந்து இறங்கினாள். தண்ணீர் குடித்துவிட்டு, "மைதிலி, அந்த வாரம் உனுக்கு எப்டி?" என்றாள்.

அந்தக் கேள்விக்கு எந்த வீட்டிலும் விளக்கம் தேவைப்படாது. மைதிலி வாயைத் திறக்குமுன் கௌதம் கைப்பேசியைத் திறந்தான்.

"கரெக்டா அந்த வாரம்தான்மா வருது."

"அப்போ மாத்ர போட்டுக்கினா தள்ளிப்பூடும். என் தங்கச்சி மருமவ திருப்பதி போறப்போல்லாம் போட்டுக்கினுதான் போவா. ஒண்ணும் ஆவாது."

"நான் வாங்கிட்டு வந்துடறேன்" என்று கௌதம் சட்டையை மாட்டினான்.

மைதிலி அவனையே பார்த்தாள். "அதுவும் ஹார்மோன்தாங்க."

"எது?"

"பீரியட்ஸைத் தள்ளிப்போடற மாத்திரை. விஷம்னு தூக்கிப் போட்டீங்களே, அந்தக் குடும்பம்தான் அது."

"அது வேற மைதிலி. அது டெய்லி போடறது. இது பத்து நாளு. அதுவும் ஒரு நல்ல காரியத்துக்கு."

எது நல்ல காரியம், எது கெட்ட காரியம் என்று ஹார்மோனுக்குத் தெரியும் என்பது அவன் கட்சி.

"டாக்டரை ஒரு வார்த்தை கேட்டுக்கலாமே. எனக்கு பி.பி. இருக்கு."

"இதுக்கெல்லாமா டாக்டரு?" என்றாள் பார்வதம். "அப்பறம் தும்மறத்துக்கும் டோக்கன் போட்டுகினு போய் குந்தணும். வாணாம்னா சொல்லு, உன்ன ஒரு மூலையில ஒக்கார வெச்சிட்டு நானே பால் காச்சிக்கிறேன். வரவங்கள்லாம் இன்னா ஏதுன்னு கேப்பாங்க. சொல்லிக்கலாம்."

மாதக் கடனில் பாதி மைதிலியின் சம்பளத்திலிருந்து போகிறது. டைல்ஸ் அவள் பார்த்து எடுத்தது. அந்தச் சமையலறையில் முதல் பால் பொங்கும்போது தான் மாடிப்படியில் உட்கார்ந்திருப்பதை அவள் நினைத்துப் பார்த்தாள். மாத்திரையைப் போட்டுக்கொண்டாள். மெடிக்கல் ஷாப்பில் சீட்டு கேட்கவில்லை. "வீட்ல விசேஷமா சார்" என்று மட்டும் கேட்டார்களாம்.

விசேஷத்துக்கு ரெண்டு நாள் இருக்கையில், பூந்தமல்லியில் பார்த்தசாரதி இறந்துபோனார். கௌதமின் பெரியப்பா முறை. பங்காளித் தீட்டு. அந்த மனிதர் தன் சாவு எங்கோ ஆவடியில் இருக்கும் ஒருத்தியின் கருப்பையில் போய் முட்டும் என்று எதிர்பார்த்திருக்க மாட்டார். ஐயர் வேறு நாள் குறித்துக் கொடுத்தார்.

"மாத்ரய நிறுத்திடாத" என்று பார்வதம் போனில் சொன்னாள். "இப்போ நிறுத்துனா கண்டபடி வந்து நிக்கும். அதுவரைக்கும் போட்டுகினே இரு."

கௌதம் இன்னும் ரெண்டு அட்டை வாங்கி வந்தான். கற்பூரம், மஞ்சள், வெட்டிவேர், நவதானியம் இருந்த அதே பையில்.

கிரகப்பிரவேசம் நன்றாகவே நடந்தது. பசு மட்டும் லிஃப்டில் ஏற மறுத்து, கார் பார்க்கிங்கிலேயே லட்சுமி கடாட்சத்தை வழங்கிவிட்டுப் போனது. நாலாவது மாடியில் ஹோமப் புகை வெளியேற வழி தெரியாமல் கண்ணெதிரே நின்றது. பால் பொங்கியது. மைதிலி பட்டுப்புடவையில் கண்ணைக் கசக்கிக்கொண்டு சிரித்தாள். போட்டோவில் அது ஆனந்தக் கண்ணீராக விழுந்திருக்கிறது.

மாத்திரையை நிறுத்தியதும் ரத்தம் வந்தது. ரெண்டு நாள் கொஞ்சமாக வந்து நின்றுவிட்டது. கௌதம் அதை மாதவிடாய் என்று ஆப்பில் ஏற்றினான். ஆப் நல்ல பிள்ளை, சொன்னதை நம்பியது. பிறகு மைதிலிக்குத் தொண்டை கட்டி, உடம்பு கணகணத்தது. மூன்று நாள் காலையில் தெர்மாமீட்டர் வழக்கத்தைவிட ஏற்றிக் காட்டியது. மூன்று நாள் தொடர்ந்து ஏறினால் கருமுட்டை வந்து போய்விட்டது, இனி பயமில்லை என்பது ஆப்பின் கணக்கு. ஆப் ஒரு கேள்வி கேட்டது: ஜுரம் உண்டா, மருந்து ஏதாவது சாப்பிடுகிறீர்களா? கௌதம் இரண்டுக்கும் இல்லை என்று தட்டினான். தொண்டை கட்டினால் அவன் வீட்டில் அதை ஜுரம் என்று சொல்வதில்லை. அந்த மாத்திரை மருந்து என்பது அவனுக்குத் தோன்றவேயில்லை. அது பூஜைச் சாமான்.

திரை பச்சையானது.

அந்த சனிக்கிழமை புது ஃபிளாட்டில் தங்கினார்கள். பவ்யா பாட்டியிடம் இருந்தாள்.

"இன்னிக்கு வேண்டாங்க. எனக்கு உடம்பு சரியில்ல. கணக்கும் எங்கயோ இடிக்குது."

"பச்சை காட்டுது பாரு."

"எனக்குக் காட்டலையே."

"மைதிலி, டேட்டா இருக்கு. நீ பயத்துல பேசற." அவன் அன்பாகத்தான் சொன்னான். புது வீடு, புது மெத்தை, ஜன்னலில் மாலை வெயில். திட்டினால்கூட அவள் எதிர்த்திருப்பாள். அன்பாகச் சொல்லும் மனிதனிடம் எத்தனை தடவை ஒன்றையே சொல்வது?

அடுத்த மாதம் வரவேண்டியது வரவில்லை. "அந்த மாத்ர போட்டா அப்டித்தான், ரெண்டு மூணு மாசம் ஆட்டங்காட்டும்" என்றாள் பார்வதம். ஒன்றும் செய்யாது என்ற அதே மாத்திரை இப்போது எல்லாவற்றுக்கும் பொறுப்பேற்றது. மைதிலிக்கும் அதை நம்ப ஆசையாக இருந்தது. நம்பிக்கொண்டே இரண்டு மாதத்தைக் கடத்தினாள். வேலை இருந்தது, பவ்யாவுக்கு ஸ்கூல் தேட வேண்டியிருந்தது. பயப்படுவதற்குத் தனியாக நேரம் ஒதுக்க முடியவில்லை.

குவார்ட்டர்ஸில் எதிர்வீட்டு ராஜகுமாரிதான் ஒருநாள் கேட்டாள். புருஷன் தொழிற்சாலையில் ஃபிட்டர். வீட்டு வாசலில் உட்கார்ந்து அந்த பிளாக்கையே மேற்பார்வை பார்ப்பவள்.

"இன்னா மைதிலி, மூஞ்சி ஒரு மாரி ஊதிகீது?"

"தூக்கம் இல்லக்கா."

"தூங்காதவ மூஞ்சி சுருங்கும்டி, ஊதாது. கால காட்டு." விரலால் கணுக்காலை அழுத்திப் பார்த்தாள். விழுந்த குழி எழுந்திருக்க யோசித்தது. "தலைக்கு குளிச்சி எத்தினி நாளாச்சி?"

மைதிலி விரல்விட்டு எண்ணத் தொடங்கி, பாதியிலேயே கையை மடக்கிக்கொண்டாள். ராஜகுமாரி செருப்பை மாட்டிக்கொண்டு மெடிக்கல் ஷாப்புக்குப் போனாள். கால்மணி நேரத்தில் பாத்ரூமில் இரண்டு கோடுகள் தெரிந்தன. மைதிலி அதைக் கையில் வைத்துக்கொண்டு வெளியே வர வெகுநேரமாயிற்று. ராஜகுமாரி கதவைத் தட்டவில்லை.

கௌதமிடம் சொன்னபோது அவன் முதலில் கைப்பேசியைத்தான் எடுத்தான். "சான்ஸே இல்ல" என்றான். பழைய நாட்களை மேலும் கீழும் தள்ளிப் பார்த்தான். எல்லாம் பச்சையாக இருந்தது. ஆப்பின்படி அவன் மனைவி கர்ப்பமில்லை.

ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா பொறுமையாக எல்லாவற்றையும் கேட்டார். "மாத்திரை போட்ட மாசத்துக்குக் கணக்கே கிடையாது சார். அதை நிறுத்தினதும் வர ரத்தத்தை பீரியட்ஸ்னு எடுத்துக்கக் கூடாது. ஜுரத்துல டெம்பரேச்சர் எடுத்தா ஜுரம்தான் தெரியும்."

"அப்ப இயற்கை முறையே தப்புங்கறீங்களா?"

"முறை சரியாத்தான் இருக்கு. இதையெல்லாம் அந்த வகுப்புலயே சொல்லியிருப்பாங்களே."

கௌதம் ஞாயிற்றுக்கிழமை பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

டாக்டரம்மா மைதிலி பக்கம் திரும்பினார். "பி.பி. இப்பவே ஏற ஆரம்பிச்சிருக்கு. போன தடவை எட்டாம் மாசம். இந்தத் தடவை அதுவரைக்கும் விடாது. இப்பவே கலைச்சிட்டா உங்களுக்கு ஆபத்து குறைவு. தள்ளிப்போட்டா ஏறிக்கிட்டே போகும். சட்டப்படி உங்க கையெழுத்து மட்டும் போதும்."

"இன்னிக்கே பண்ணிடலாமா டாக்டர்?" என்றாள் மைதிலி. அதைக் கேட்கும்போது குரல் நடுங்கவில்லை என்பது அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது.

"ஒரு வாரம் டைம் குடுங்க டாக்டர்" என்றான் கௌதம். "அம்மாகிட்ட ஒரு வார்த்தை சொல்லாம எப்படி?"

டாக்டரம்மா அவனைப் பார்க்காமல் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்த இடத்தில் மைதிலி பேசியிருக்க வேண்டும். ஒரு வாரம்தானே என்று நினைத்தாள்.

பார்வதம் அன்றே வந்து அழுதாள். "புது ஊட்ல கால் வெச்ச ஒடனே வந்த உசுரு. அத்த கலைச்சிட்டு அந்த ஊட்ல எப்டிமா வெளக்கேத்துவே? நான் மாங்காட்டம்மனுக்கு வேண்டிகினு கீறேன். ஒண்ணும் ஆவாது."

பூந்தமல்லியில் ஒரு இயற்கை வைத்தியரைப் பிடித்தான் கௌதம். வாழைத்தண்டுச் சாறு, உப்பில்லாச் சோறு, காலையில் வெறுங்காலோடு நடை. டாக்டர் கொடுத்த பி.பி. மாத்திரை பாதியாகக் குறைந்தது. வீட்டுக்கு ஒரு பி.பி. மெஷின் வந்தது. தினமும் மூன்று தடவை அழுத்திப் பார்ப்பான். மூன்றில் எது குறைச்சலோ அதை ஏற்றுவான். மணிக்கட்டில் பட்டை இறுகி இறுகி, மைதிலிக்கு வளையல் போட முடியாதபடி அந்த இடம் கன்றிப்போயிருந்தது.

ஒரு வாரம் ஒரு மாதமானது. ஒருநாள் பஸ்ஸில் நின்றுகொண்டிருந்தபோது வயிற்றுக்குள் ஏதோ மீன் திரும்பியது போல அசைந்தது. அதற்குப் பிறகு, வேண்டாம் என்ற வார்த்தையைத் தனக்குள்கூட அவளால் முழுசாகச் சொல்ல முடியவில்லை.

ஆறாம் மாதம் ஸ்டோர்ஸ் கவுன்ட்டரில் நின்று போல்ட் பெட்டியை எண்ணிக்கொண்டிருந்தாள். போல்ட்டுகளின் ஓரத்தில் பல் பல்லாக வெளிச்சம் ஓடியது. வெல்டிங் எங்கே நடக்கிறது என்று திரும்பிப் பார்த்தாள். அவ்வளவுதான் அவளுக்குத் தெரியும்.

மறுபடி கண்விழித்தபோது வயிறு காலியாக இருந்தது. வலிப்பில் கடிபட்ட நாக்கில் தையல் போட்டிருந்தார்கள். வலது கண்ணில் யாரோ கறுப்புத் துணியைப் பாதிவரை இழுத்துவிட்டது போலிருந்தது. நர்ஸ் வந்து டியூபைச் சரிசெய்தாள்.

"பையன்மா" என்றாள்.

குழந்தையை அடக்கம் செய்துவிட்டு வந்திருந்தார்கள். எங்கே என்று கேட்டதற்குக் கௌதம் சுவரைப் பார்த்தான். ரொம்ப அழுதிருந்தான். அது நடிப்பில்லை. பார்வதம் கட்டிலின் கால்மாட்டில் தலையைக் கவிழ்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பவ்யாவை ராஜகுமாரி வைத்துக்கொண்டிருந்தாள். காலையில் ஒருதரம் ரசம் கொண்டுவந்து, மைதிலியால் விழுங்க முடியவில்லை என்றதும் தானே குடித்துவிட்டுப் போவாள்.

வார்டுக்கு மாற்றிய பிறகு டாக்டரம்மா வந்தார். சிறுநீரகம் எவ்வளவு தேறும் என்று இப்போது சொல்ல முடியாது. கண் கொஞ்சம் தெளியலாம். "இன்னொரு தடவை நடந்தா பேசறதுக்கே ஒண்ணுமிருக்காது" என்று கௌதமிடம் சொன்னார். "இவங்களுக்கு இப்ப மயக்க மருந்து குடுத்து ஆபரேஷன் பண்றது ரிஸ்க். நீங்க பண்ணிக்குங்க. பெரிய கத்தியெல்லாம் கிடையாது. ஒரு ஊசி, ஒரு சின்ன ஓட்டை."

கௌதம் முகத்தில் ரத்தமே இல்லை. பார்வதம் நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

"ஆம்பள மேலயா கத்தி வெப்பாங்க? எம்புள்ள நாள் பூரா கம்ப்யூட்டர்ல குந்தி வேல செய்றவன். தெம்பு பூட்டா இன்னா பண்றது?"

"குந்தி வேல செய்றத்துக்கு அது இன்னாத்துக்கும்மா?" என்றாள் ரசப் பாத்திரத்தை மூடிக்கொண்டிருந்த ராஜகுமாரி.

பக்கத்துக் கட்டில்காரி சிரித்துவிட்டு, வயிற்றுத் தையலைப் பிடித்துக்கொண்டாள். டாக்டரம்மா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

கௌதம் தொண்டையைச் செருமினான். "இல்ல டாக்டர், கொஞ்ச நாள் போகட்டும், மைதிலிக்கே பண்ணிடலாம். அவ எப்படியும் செக்கப்புக்கு வந்துகிட்டுதான இருக்கப்போறா."

அவன் கொடூரமாக எதையும் சொல்லவில்லை. ஒரு தடவை ஆட்டோ பிடித்தால் இரண்டு வேலை முடியும் என்கிற மாதிரிதான் சொன்னான். அந்தச் சாதாரணம்தான் மைதிலிக்குள் எதையோ கடைசியாக அறுத்தது. அவள் மெல்ல எழுந்து உட்கார்ந்தாள். தையல் போட்ட நாக்கு ஒவ்வொரு எழுத்துக்கும் தனியாகக் கூலி கேட்டது.

"நீங்க காட்டுப்பாக்கம் போங்க."

"எல்லாரும் போலாம்மா. டிஸ்சார்ஜ் ஆகட்டும்."

"நீங்களும் அத்தையும் போங்க. நானும் பவ்யாவும் குவார்ட்டர்ஸ்லயே இருக்கோம்."

"எவ்ளோ நாளைக்கு?"

"நீங்க அந்த ஆபரேஷன் பண்ணிக்கிற வரைக்கும். பண்ணிக்கலன்னா வராதீங்க."

"இன்னாமா பேசற?" என்று பார்வதம் எழுந்தாள். "புருஷன ஊட்ட வுட்டு தொரத்துவாங்களா? ஊரு இன்னா சொல்லும்?"

"அத்தை, நான் செத்திருந்தா ஊரு சொல்றது எனக்குக் கேட்டிருக்காது. இப்பவும் கேக்கலன்னு வெச்சுக்கறேன்."

கௌதம் கட்டிலின் கம்பியைப் பிடித்துக்கொண்டான். "வேற வழி பாக்கலாம் மைதிலி. நான் தனியா படுத்துக்கறேன். தொடவே மாட்டேன். சத்தியமா."

"நீங்க நல்லவருதாங்க" என்றாள் அவள். "அதை நம்பித்தான் இங்க வந்து படுத்திருக்கேன்."

டாக்டரம்மா கேஸ் ஷீட்டைக் கையிலெடுத்துக்கொண்டு, அடுத்த கட்டிலுக்குப் போகாமல் நின்றார். ஒருவேளை அவன் சரி என்று சொல்லிவிடுவானோ என்று காத்திருந்த மாதிரி இருந்தது. கௌதம் தரையைப் பார்த்தான். பிறகு அம்மாவைப் பார்த்தான். டாக்டரம்மா போய்விட்டார்.

டிஸ்சார்ஜ் அன்று ஆஸ்பத்திரி வாசலில் இரண்டு ஆட்டோ நின்றது. ஒன்றில் பார்வதம் ஏற்கெனவே ஏறி உட்கார்ந்திருந்தாள். மற்றதில் ராஜகுமாரி மைதிலியைக் கைத்தாங்கலாக ஏற்றி, மருந்துப் பையை மடியில் வைத்தாள். கௌதம் இரண்டுக்கும் நடுவே நின்றிருந்தான். ஏதோ சொல்ல வந்தவன் போல ஒரு அடி வைத்தான்.

"ஏறுடா, வெயிலு ஏறுது" என்றாள் பார்வதம்.

அவன் அம்மாவின் ஆட்டோவில் ஏறிக்கொண்டான்.

வண்டி ரோட்டுக்கு வந்ததும் ராஜகுமாரி கேட்டாள், "திரும்பிப் பாக்கறியா?"

"எந்தப் பக்கம் போறாங்க?"

"வலது பக்கம்."

"அந்தக் கண்ணுல இன்னும் தெரியலக்கா" என்றாள் மைதிலி. "நேரா போகச் சொல்லுங்க."